எல்யாக்கிம் குடிக்காத காப்பி

ஒரு யூதர் வீட்டு வாசலில் வந்து நின்று, "அபூ ஹைதம் வீடு இதுதானா?" என்று எபிரேயத்தில் கேட்டால், எங்கள் அரபு ஊரான சூர் பாஹிரில் யாரும் உடனே ஆமாம் என்று சொல்லிவிட மாட்டார்கள். வரி ஆபீஸ்காரனாக இருக்கலாம், வீட்டை இடிக்க நோட்டீஸ் ஒட்ட வந்தவனாக இருக்கலாம். நான் கதவைப் பாதி மட்டும் திறந்து, "எந்த அபூ ஹைதம்?" என்றேன்.

"ஜெயில்ல இருக்கிற ஹைதமோட அப்பா. என் பேரு எல்யாக்கிம். என் பையனை காஸாவுல பிடிச்சு வெச்சிருக்காங்க. அவர்கிட்ட ஒண்ணு கேட்கணும். முடியாதுன்னா போயிடறேன்."

அந்தப் பையனை எனக்குத் தெரியும். நகரத்துப் பேருந்து நிறுத்தங்களில் எல்லாம் அவன் படத்தை ஒட்டியிருந்தார்கள். அவிஷாய் என்று பெயர், சிப்பாய் உடை, கண்ணாடி, கொஞ்சம் பெரிய மூக்கு. தினமும் வேலைக்குப் போகிற வழியில் அவன் என்னைப் பார்ப்பான், நான் வேறு பக்கம் பார்ப்பேன். இப்போது அதே மூக்கு மழையில் நனைந்தபடி என் வாசலில் நின்றது. கதவை முழுக்கத் திறந்தேன்.

கூடத்தில் அப்பாவும் பக்ரி சித்தப்பாவும் குளிருக்கு மூட்டிய காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒருகாலத்தில் சேர்ந்து டைல்ஸ் வேலை பார்த்தவர்கள். நகரத்தின் மேற்கே யூதர்கள் பக்கத்துக் குளியலறைகளில் பாதி இவர்கள் கைபட்டதுதான். அதனால் எபிரேயம் தண்ணீர் பட்ட பாடு. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, சித்தப்பாவுக்கு வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு 'மருந்துக்கடைக்காரி' என்று பெயர் வைத்தவர் அவர்தான். நகரத்தில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் எனக்கு வேலை. நாற்பது வயதாகியும் ருவைதாவாகிய எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு என் நாக்குதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவரும் அவர்தான். அவர் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை.

அப்பா எழுந்து நின்றார். வந்தவர் யாராக இருந்தாலும் எழுந்து நிற்பார். "உட்காருங்க. மழையில வந்திருக்கீங்க. ருவைதா, காப்பி போடும்மா."

காப்பி போட்டபடியே காதைக் கூடத்தில் வைத்திருந்தேன். எல்யாக்கிம் சுற்றி வளைக்கவில்லை. கைதிகளை மாற்றிக்கொள்ள கெய்ரோவில் நடக்கிற பேச்சு எங்கள் பக்கத்துக் கைதிகள் ஏழெட்டுப் பேர் விஷயத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறதாம். அந்த ஏழெட்டுப் பேரையும் விடுவார்கள், ஆனால் வெளிநாட்டுக்குத்தான் அனுப்புவார்கள், வீட்டுக்கு விடமாட்டார்கள். இது இவருடைய அரசாங்கத்தின் பிடிவாதம். அந்தக் கைதிகளே ஒத்துக்கொள்ளாமல் நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம் என்பது காஸாக்காரர்களின் பிடிவாதம். அந்த ஏழெட்டுப் பேரும் கைகாட்டுவது என் அண்ணன் ஹைதமை. ஹைதம் சரி என்றால் சரி.

"நடுவுல நிக்கிற எகிப்துக்காரர் ஒருத்தர்தான் எனக்கு இதைச் சொன்னாரு," என்றார் எல்யாக்கிம். "போன வருஷமே உங்க பையன்கிட்ட கேட்டாங்களாம். முடியாது, போனா வீட்டுக்குத்தான் போவேன்னு சொல்லிட்டாராம். அவர் மனசை மாத்த ஒரே ஒரு ஆளாலதான் முடியும், அது அவரோட அப்பான்னு சொன்னாரு. அதான் வந்தேன். அவர் என்ன செஞ்சாருன்னு எனக்குத் தெரியும், அபூ ஹைதம். கோர்ட்டுல எழுதின எல்லாத்தையும் படிச்சேன். அதைப் பேச நான் வரல."

என்ன செய்தான் என்பதை நானும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் ஒரு கார் ஓட்டினான். பின்சீட்டில் இருந்தவன் சுட்டான், ஒரு சிப்பாய் செத்தான். கார் மட்டும்தானே ஓட்டினான் என்று நாங்கள் சொன்னோம். கார் ஓட்டியதே போதும் என்று அவர்கள் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அம்மா அவன் உள்ளே இருக்கும்போதே போய்விட்டாள். அடக்கத்துக்குக்கூட அவனை விடவில்லை.

அப்பாவின் நிலைமையையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் ரேடியோவில் கைதிகளுக்காக ஒரு நிகழ்ச்சி வரும். வீட்டுக்காரர்கள் போன் போட்டுப் பேசுவார்கள், உள்ளே இருப்பவர்கள் கேட்பார்கள். ஒருநாள் அறிவிப்பாளர், "உங்க பையனை வெளிநாட்டுக்கு அனுப்பறோம்னா ஒத்துக்குவீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டு வைத்தான். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "என் பையன் வந்தா அவங்க அம்மாவை அடக்கின கபர் இருக்கிற ஊருக்கு வருவான். இல்லேன்னா வரவே வேண்டாம்," என்றார். ஊரே கைதட்டியது. மசூதியில் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பிறகு ஹைதம் முடியாது என்று சொன்ன செய்தி வக்கீல் மூலமாக வந்ததும் அப்பாவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. 'அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறான்' என்று சித்தப்பா தெருத் தெருவாகச் சொன்னார்.

நான் மட்டும் கைதட்டவில்லை. ஜெயிலுக்குப் போய்ப் பார்த்து வருபவள் நான். அவன் பல் கொட்டுவதையும், தோள் கூனுவதையும், ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பதையும் பார்ப்பவள் நான். அவன் உயிரோடு வெளியே வந்தால் போதும், அது எந்த ஊராக இருந்தால் என்ன என்பதுதான் என் ஆசை. ஆனால் வாயாடி என்று பெயரெடுத்த நான் இதை அப்பாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை கொடுத்த வார்த்தையை அவர் தனக்காக மாற்றிக்கொள்ளவே மாட்டார்.

காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். சர்க்கரை இல்லாமல் ஏலக்காய் போட்ட காப்பி, கையடக்கச் சின்னக் கோப்பை. முதல் கோப்பையை எல்யாக்கிமிடம் நீட்டினேன். அவர் நன்றி சொல்லி இரண்டு கையாலும் வாங்கினார். வாய்ப் பக்கம் கொண்டு போகவில்லை. தனக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் மெதுவாக வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

சித்தப்பா பேச்சை நிறுத்தினார். அது சாதாரணமாக நடக்கிற விஷயம் இல்லை.

எங்கள் பக்கம் பெண் கேட்கப் போனாலும் சரி, வெட்டுக்குத்து நடந்த வீட்டில் சமாதானம் பேசப் போனாலும் சரி, போனவர் காப்பியை வாங்கி முன்னால் வைத்துவிடுவார். குடிக்க மாட்டார். நான் ஒன்று கேட்டு வந்திருக்கிறேன், அது கிடைத்தால்தான் குடிப்பேன் என்று அதற்கு அர்த்தம். வீட்டுக்காரர், "குடிங்க, நீங்க கேட்டது கிடைச்சாச்சு," என்று சொன்னால் முடிந்தது. குடிக்காமல் எழுந்து போக விட்டால் அந்த வீட்டுக்குத் தலைகுனிவு. எதிரியே வந்து கோப்பையை வைத்தாலும் இதுதான் வழக்கம். சித்தப்பாவின் கல்யாணத்துக்கு அவருடைய மாமனார் சம்மதிப்பதற்குள் காப்பி ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டதாம். அதை இன்றுவரை சித்தியிடம் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறார்.

அப்பா கோப்பையைப் பார்த்தார். எல்யாக்கிமைப் பார்த்தார். எல்யாக்கிமின் கை முழங்கால் மேல் அசையாமல் கிடந்தது.

"அண்ணே," என்றார் சித்தப்பா அரபியில், குரலைத் தாழ்த்தி. "இந்த ஆளு விஷயம் தெரிஞ்சுதான் வந்திருக்கான்."

"பார்த்தேன்," என்றார் அப்பா.

"யோசிச்சுப் பேசு. பையன் வெளிநாட்டுக்குப் போயிட்டா அண்ணி கபருக்கு நாளைக்கு யாரு போவா?"

அப்பா கையை நீட்டி அடுப்பைத் தணித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து எபிரேயத்தில் சொன்னார். "குடிங்க. நீங்க கேட்டது கிடைச்சாச்சு."

அவ்வளவு சுலபமாகவா? இத்தனை நாள் நான் கேட்கப் பயந்ததை, யாரோ ஒரு மனிதர் ஒரு கோப்பையைக் கீழே வைத்து வாங்கிவிட்டாரா? சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது எனக்கு.

எல்யாக்கிம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "நன்றி, நன்றி," என்றார். ஆனால் கோப்பையைத் தொடவில்லை.

"குடிங்க," என்றார் அப்பா மறுபடியும்.

அவர் நெளிந்தார். கேட்டது கிடைத்த பிறகும் குடிக்காமல் இருப்பது அவமானப்படுத்துவது மாதிரி. சித்தப்பாவின் புருவம் மேலே ஏறியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் மருந்தகத்தில் என் கூட வேலை பார்க்கும் இரண்டு யூதப் பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் சிடுசிடுத்துக்கொண்டிருந்தார்கள். காப்பி மெஷின் பக்கமே போகவில்லை. இன்றைக்கு அவர்களுக்கு நோன்பு. குளிர்காலத்தில் வருகிற சின்ன நோன்பு, விடியலிலிருந்து நட்சத்திரம் வரும்வரை. எல்யாக்கிமின் தலையிலும் பக்தியுள்ள யூதர்கள் போடுகிற பின்னல் குல்லா. ஒரு வாய் குடித்துத் தொலை மனுஷா, உன் கடவுள் மன்னிப்பார் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"மன்னிச்சுக்கணும்," என்றார் அவர், காதுமடல் வரை சிவந்து. "எனக்கு இன்னிக்கு நோன்பு. தண்ணிகூடக் கூடாது. அரபு வீட்டுல காப்பியை வேண்டாம்னு சொல்லிடாதே, மனசு நோவாங்கன்னு எங்க பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினாரு. அதான் வாங்கி வெச்சுட்டேன். யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

சித்தப்பா தொடையில் ஓங்கி அடித்தார். "நோன்பா! அட என் கடவுளே! அண்ணே, இவன் வழக்கமும் தெரிஞ்சு வரல, ஒண்ணும் தெரிஞ்சு வரல. நோன்புக்காரன் காப்பியைக் கீழ வெச்சதுக்கு நீ பையனைத் தூக்கிக் கொடுத்துட்ட! இது செல்லாது."

"வார்த்தை வாயை விட்டு வந்தாச்சு, பக்ரி."

"தப்பா வந்துச்சு. கோப்பையை வெச்சுக் கேட்டாத்தானே கொடுக்கிறதுக்கு? நாளைக்கு ஊருல சிரிப்பானுங்க. அபூ ஹைதம் ரேடியோவுல பேசினதை ஒரு யூதனோட பட்டினிக்காக மாத்திக்கிட்டான்னு சொல்வானுங்க."

இது எல்லாம் அரபியில் நடந்தது. எல்யாக்கிம் எங்கள் வாய்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கைநழுவிப் போகிறது என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா 'செல்லாது' என்றதும் அந்த முகம் விழுந்த விதத்தை நான் மறக்கவே மாட்டேன். அப்பாவும் என்னைப் போலவேதான் ஆசைப்பட்டிருக்கிறார். பிள்ளை எங்கேயாவது உயிரோடு இருக்கட்டும் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கிறது. அதை இந்த மனிதர் கொண்டுவந்தார், சித்தப்பா பிடுங்கிக்கொண்டார்.

"சரி," என்றார் அப்பா கடைசியில். "நீயே சொல்லு. என்ன செய்யலாம்?"

சித்தப்பா நியாயம் பேசுவதில் பேர் போனவர். ஊரில் கல்யாணம், கடன், ஆட்டுச் சண்டை எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார். "நட்சத்திரம் வர ரொம்ப நேரம் இல்ல. இருக்கச் சொல்லு. நோன்பு முடிஞ்சதும் புதுசா காப்பி ஊத்துவோம். குடிச்சான்னா விருந்தாளி, சாப்பிட்டுட்டுப் போகட்டும். குடிக்காம வெச்சான்னா அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா யாரும் அவன்கிட்ட மூச்சு விடக்கூடாது. மருந்துக்கடைக்காரி, உன்னைத்தான் சொல்றேன்."

"நாள் முழுக்கத் தண்ணிகூடக் குடிக்காதவரு, சித்தப்பா. காப்பியைக் கண்டா குடிக்காம இருப்பாரா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்று சிரித்தார்.

அப்பா எபிரேயத்தில், "நட்சத்திரம் வர்ற வரைக்கும் இருங்க. எங்க வீட்டுலயே நோன்பு திறங்க," என்று மட்டும் சொன்னார். எல்யாக்கிம் மறுக்கவில்லை. போய்விட்டால் எல்லாம் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மழை விட்டிருந்தது. அவர் மொட்டைமாடிப் படிக்கட்டில் போய் நின்றார். நான் துணி எடுக்கிற சாக்கில் போனேன்.

"நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அவர் சரின்னு சொன்னாரு. அப்புறம் அது இல்லேன்னு ஆயிடுச்சு. அப்படித்தானே?"

"என்கிட்ட எதுவும் கேட்காதீங்க. சித்தப்பா தோலை உரிச்சிடுவாரு."

அவர் தலையாட்டினார். பெரிய கட்டடங்களில் லிப்ட் ரிப்பேர் பார்ப்பது தன் வேலை என்றார். பையன் பிடிபட்ட பிறகு வேலைக்கு ஒழுங்காகப் போவதில்லை, ஆனால் யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் மட்டும் போய்விடுவாராம். "உள்ள இருக்கிறவங்ககிட்டப் பேசிக்கிட்டே இருக்கணும்," என்றார். "நீ அங்கதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். என் பையன்கிட்ட அதைச் சொல்ல எனக்கு வழி இல்ல."

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. உன் பையன் வருவதற்கு என் அண்ணன் ஏன் ஊரை விட வேண்டும், உன் அரசாங்கத்திடம் போய்க் கேளேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்டும்விட்டேன். என் நாக்கு அப்படி.

"கேட்டேன்," என்றார். "மந்திரிங்க வீட்டு முன்னாடி கூடாரம் போட்டு உட்கார்ந்து கேட்டேன். அவங்க காப்பி கொடுக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அதன்பின் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

மசூதியில் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அப்பா கூடத்தில் பாயை விரித்துத் தெற்கே மக்காவைப் பார்த்து நின்றார். எல்யாக்கிமும் தன் தொழுகையைச் சொல்ல வேண்டும் என்றார். அவர்கள் நகரத்தில் தங்கள் பழைய கோயில் இருந்த மேட்டைப் பார்த்துத் தொழுவார்கள். அது எங்கள் வீட்டிலிருந்து வடக்கே. ஒரே கூடத்தில் இரண்டு பேரும் முதுகோடு முதுகு காட்டி முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். சித்தப்பா வாசற்படியில் நின்று, "நல்லவேளை, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்க வேண்டியதில்ல," என்றார். ஆனால் இரண்டு பேரும் முடிக்கும்வரை குரலை உயர்த்தவில்லை.

பெத்லகேம் பக்கம் மேகம் விலகி மூன்று நட்சத்திரம் தெரிந்தது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தேன். எல்யாக்கிம் ஏதோ சொல்லிவிட்டு இரண்டு தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். ஒரு பழம் தின்றார். பிறகு நான் புதுக் காப்பியை நீட்டினேன். ஏலக்காய் மணம் கூடம் முழுக்கப் பரவியது. வேண்டுமென்றேதான் நன்றாகப் போட்டிருந்தேன். அரைகுறையாகப் போட்டு அவருக்கு உதவி செய்தேன் என்று சித்தப்பா பிற்பாடு சொல்லிவிடக் கூடாது.

அவர் கோப்பையை வாங்கினார். முகர்ந்தார். கண்ணை மூடித் திறந்தார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போய்விட்டார். சித்தப்பா முன்னால் சாய்ந்தார். அப்பா சாயவில்லை, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்யாக்கிம் அப்பாவைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு கோப்பையை ஸ்டூலில் வைத்தார். வைத்துவிட்டு, கை மறுபடியும் கோப்பைக்குப் போய்விடாமல் இருக்க, அதைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"நான் கேட்டது இன்னும் அப்படியேதான் இருக்கு, அபூ ஹைதம்," என்றார்.

"சொல்லிட்டா!" என்று சித்தப்பா துள்ளி எழுந்தார். "படிக்கட்டுல வெச்சுச் சொல்லிட்டா இவ!"

"அவங்க ஒண்ணும் சொல்லல," என்றார் எல்யாக்கிம். சித்தப்பா ஆத்திரத்தில் எபிரேயத்திலேயே கத்திவிட்டிருந்தார். "லிப்ட் நடுவுல நின்னா, கடைசியா எதைத் தொட்டப்போ நகர்ந்துச்சுன்னுதான் முதல்ல பார்ப்பேன். நான் கோப்பையை வெச்சேன், இவர் சரின்னாரு. நோன்புன்னு சொன்னேன், எல்லாம் நின்னு போச்சு. அப்போ விஷயம் கோப்பையிலதான் இருக்கு. உங்க வழக்கம் என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா குடிச்சா என் பையன் போயிடுவான்னு தோணுது. தோணுறது தப்புன்னா சொல்லுங்க, குடிச்சிடறேன்."

யாரும் தப்பு என்று சொல்லவில்லை. சித்தப்பா மீசையைத் தடவினார். பிறகு, "தாகத்தோட வந்தவன் காப்பியைக் கீழ வெச்சா, அது கேட்கிறதுதான்," என்று முனகிவிட்டு உட்கார்ந்தார்.

அப்பாவின் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. "என் பொண்டாட்டி சாகும்போது, அவன் வந்தா என் கபர்ல தண்ணி ஊத்தச் சொல்லுன்னா," என்றார். "அதை நெனச்சுத்தான் அன்னிக்கு அப்படிப் பேசினேன். பேசினதை எனக்காக மாத்திக்க எனக்கு உரிமை இல்ல. விருந்தாளிக்காக மாத்தலாம். அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா, அவளும் இந்த வீட்டுக்காரிதான்." பிறகு கோப்பையைத் தன் கையால் எடுத்து எல்யாக்கிமிடம் நீட்டினார். "குடிங்க. உங்க பையன் வரட்டும்."

அவர் குடித்தார். அழுதுகொண்டே குடித்ததால் பாதி சட்டையில் சிந்தியது. சித்தப்பா என் பக்கம் திரும்பி, "சித்திக்குப் போன் போடு, சோறு இங்கதான்னு சொல்லு," என்று என்னை விரட்டினார். அன்றைக்கு எல்யாக்கிம் எங்கள் வீட்டுப் பருப்புச் சூப்பும் ரொட்டியும் சாலட்டும் மட்டும் சாப்பிட்டார். கோழியைத் தொட அவர்கள் சட்டம் விடாதாம். "காப்பியையும் தொடமாட்டீங்க, கோழியையும் தொடமாட்டீங்க, எதைத்தான்யா தொடுவீங்க?" என்று சித்தப்பா கேட்டதற்கு அவரே சிரித்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை செஞ்சிலுவைச் சங்கப் பேருந்தில் ஜெயிலுக்குப் போனேன். வாசலில் சோதனை, உள்ளே சோதனை, காத்திருப்பு எல்லாம் வழக்கம் போல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹைதம் வந்து உட்கார்ந்து ரிசீவரை எடுத்தான்.

"அப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கு. அண்ணா, அப்பா ஒரு சேதி சொல்லி அனுப்பினாரு. அனுப்புற ஊருக்குப் போன்னு சொல்றாரு. உயிரோட இருன்னு சொல்றாரு."

அவன் அசையவில்லை. "அப்பாவா சொன்னாரு?"

"அப்பாவேதான்."

"நீயா சொல்றியா, அவரு சொன்னாரா?"

"சித்தப்பாவைச் சாட்சிக்கு வெச்சு, அவரே சொன்னாரு."

அவன் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. அந்தப் பக்கக் காவலாளி எட்டிப் பார்த்தான். மறுபடியும் அவன் ரிசீவரை எடுத்தபோது குரல் உடைந்திருந்தது.

"போன வருஷம் கேட்டாங்களே, அன்னிக்கே சரின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, ருவைதா. ஜன்னல் வெச்ச ரூம்ல தூங்கணும்னு அவ்வளவு ஆசையா இருந்துச்சு. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் ரேடியோவுல அப்பா பேசினாரு. அதைக் கேட்டுட்டு எப்படிச் சரின்னு சொல்றது? அவர் தலை குனியக் கூடாதுன்னு முடியாதுன்னுட்டேன்."

ஒரு வருஷம். அவன் முடியாது என்றதைக் கேட்டு அப்பா இன்னும் விறைத்துக்கொண்டார். அப்பா விறைத்துக்கொண்டதைக் கேட்டு இவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். நான் நடுவில் பேருந்தில் போய் வந்துகொண்டே இருந்தேன், இரண்டு பேரையும் ஒரு வார்த்தை கேட்காமல்.

"நான் சரின்னுட்டேன்னு சொல்லு. ரேடியோ விஷயத்தை மட்டும் அப்பாகிட்டச் சொல்லாதே," என்றான் ஹைதம். மணி அடித்துவிட்டது.

வசந்தத்தில் கைதிகள் மாற்றம் நடந்தது. அவிஷாய் வீட்டுக்கு வந்தான், ஹைதமும் மற்றவர்களும் விமானம் ஏறினார்கள். பேப்பரில் எல்லாம் வந்தது, யார் யாரோ தாங்கள்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டார்கள், சொல்லிக்கொள்ளட்டும். ஜெயிலுக்குப் போன அந்தத் திங்கட்கிழமை நான் வீடு திரும்பியபோது நடந்தது மட்டும் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

அப்பா எனக்காக வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கோட்டைக் கழற்றுவதற்குள் கேட்டார். "என்ன சொன்னான்?"

"சரின்னு சொன்னான்ப்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு கண்ணைத் திறந்து என்னையே உற்றுப் பார்த்தார். "உடனேயா சொன்னான்?"

அவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"உடனே எங்க?" என்றேன். "ஒத்துக்கவே இல்ல. வீட்டுக்குத்தான் வருவேன்னு ஒரே பிடிவாதம். நேரம் முடியற வரைக்கும் கெஞ்சினேன். நீங்க சொன்னீங்கன்னு சொன்ன பிறகுதான் இறங்கி வந்தான்."

அப்பா முகம் மலர்ந்தது. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "நான் சொல்லலேன்னா அவன் அசைஞ்சிருக்க மாட்டான்."

"ஆமாம்ப்பா," என்றேன்.